உலைவாய்

ஆறு உறைந்துவிட்டதென்று
விடிகாலை ஐந்து மணிக்குத் தொலைபேசியில் சொன்னான் ரினாத்.
கடைசியாக அது உறைந்தபோது
நான் பிறந்திருக்கவில்லை.

மலைக்குள் இருந்தது எங்கள் உலை.
மின்ரயில் பாறையின் தொண்டைக்குள் நுழையும்,
ஒவ்வொரு முறைக்கும் அறுநூறு பேரை விழுங்கும்.
கைதிகள் குடைந்த மலை என்று பிறகு அறிந்தேன்.
சின்ன வயதில், சில மலைகள்
கதவோடுதான் முளைக்கும் என்று நினைத்திருந்தேன்.

வரைபடத்தில் இல்லாத ஊர்.
பள்ளியில், தந்தையின் தொழில் என்ற இடத்தில்
தச்சர் என்று எழுதச் சொன்னார்கள்.
வகுப்பில் முப்பது பேருக்கும் அப்பா தச்சர்.
என் அப்பாவுக்கு ஓர் ஆணி அடிக்க வராது.
கடையில் தொத்திறைச்சி இருந்தது, ஆரஞ்சு இருந்தது,
செக் நாட்டுக் காலணி இருந்தது.

உலை வாயை மூடலாம்,
ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள்.
எங்களிடம் அது தலைகீழ்.
ஊர் வாயை முதல் நாளே மூடிவிட்டார்கள்,
மூன்று பிரதிகளில் கையெழுத்து வாங்கி.
உலை வாயை மூடத்தான்
நாற்பத்தாறு வருடம் பிடித்தது.

நான் கபிதோலினா. கதிரளவுப் பிரிவு.
உள்ளங்கை, செருப்படி, சட்டைக் காலர், பேனா மூடி,
வெளியே போகும் எதுவும் என்னைத் தாண்டித்தான் போகும்.
கிராஃபைட் அடுக்கில் செங்குத்தாய் ஆயிரமாயிரம் குழல்கள்,
குழல் நிறைய அலுமினியம் உடுத்திய யுரேனியத் துண்டுகள்.
பதமானதும் கீழே தண்ணீரில் விழும்.
அவற்றிலிருந்து கடுகளவு கடுகளவாய்ப் பிரித்தெடுத்ததை
'பொருள்' என்போம். வேறு பெயர் சொன்னதில்லை.
புளூட்டோனியம் என்று நான் முதன்முதலில் வாய்விட்டுச் சொன்னது
பல் மருத்துவரின் நாற்காலியில், மரத்த நாக்கோடு.
ஏனென்று இன்றுவரை தெரியாது.
அவள் கருவியைக் கழுவினாள்.
துப்புங்கள் என்றாள்.

அதே உலைதான் ஊருக்கு வெந்நீர்.
வெளியே மைனஸ் நாற்பது.
உள்ளே ரேடியேட்டர் மேல் காயும்
என் மகன் இக்னாத்தின் கம்பளிக் கையுறைகள்.
ஒரு நகரத்தைச் சாம்பலாக்கும் பொருளை விளைவித்து
மிஞ்சிய சூட்டில்
பால் புட்டி கழுவினேன். நன்றாகத்தான் கழுவினேன்.

பிறகு எதிரி நண்பனானான்.
பொருள் இனி வேண்டாம் என்றார்கள்.
வெந்நீர் வேண்டுமே.
அதனால் மேலும் பல வருடம் எரித்தோம்;
வேண்டாத பொருளும் கூடவே விளைந்துகொண்டிருந்தது,
யாரும் கேட்காத பதிலைப் போல.

ஏப்ரலில் ஒரு நாள் பொத்தானை அழுத்தினார்கள்.
யாரோ கைதட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார்.
பம்புகள் ஓய்ந்தபோது என் கடைவாய்ப் பற்கள் வலித்தன:
இருபத்துநான்கு வருடம் அந்த அதிர்வைக்
கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இப்போது களிமண்.
உலர்த்திப் பொடித்த களிமண்ணைக்
குழல் குழலாய் ஊதி நிரப்புகிறோம்.
முதலில் கேமரா இறங்கும், பிறகு என் கருவி,
பிறகு அந்தச் சாம்பல்நிற மாவு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம்:
குழல் எண், நிரம்பிய அளவு, என் கையெழுத்து,
அடுத்த ஆய்வு எப்போது.
உள்ளே இருப்பதில் பாதி அடங்கவே
இருபத்துநான்காயிரம் வருடம்.
ஆண்டு என்ற கட்டத்தில்
நான்கு இலக்கத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறார்கள்.
நான் 2040 என்று எழுதுகிறேன்.
எல்லாக் குழலுக்கும் அதையே எழுதுகிறேன்.

ஆற்றுக்குப் போனேன்.
நாங்கள் விட்ட வெந்நீரை நம்பித்
தெற்கே பறக்காமல் தலைமுறைகளாய்த் தங்கிவிட்ட வாத்துகள்
பனிக்கட்டி மேல் ஒற்றைக்காலில் நின்றன,
காலை மாற்றி மாற்றி.
ரினாத் துளை போட்டுத் தூண்டிலோடு குந்தியிருந்தான்.
மிதித்தேன். தாங்கியது.
பழக்கதோஷம், கருவி என் கோட்டுப் பையில் இருந்தது.

வெகுநேரம் கழித்து ஒரு மீன்,
உள்ளங்கை நீளம், முதுகில் கறுப்பு வரி.
கொக்கியிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினான்.
அளக்கவா பொரிக்கவா என்று
அவன் சொல்லவில்லை.